கண்ணாடியைக் கழற்ற லேசர்: முடிவு கருவிழியின் கையில்

சித்திரை வெயில் தணிந்த பிறகு புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடக்கிற கண்ணாடிக்காரர்களைப் பாருங்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே போவார்கள். உப்புக்காற்றில் கண்ணாடி மங்கும், வியர்வையில் மூக்கை விட்டு வழுக்கும். ஹெல்மெட் மாட்டும்போது அதை ஒரு தடவை கழற்றி மாட்ட வேண்டும். இத்தனை தொல்லை இருக்கும்போது, “பேசாமல் லேசர் பண்ணிக்கொண்டால் என்ன?” என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் நம் வீடுகளில் இந்தப் பேச்சு பெரும்பாலும் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் சூடு பிடிக்கிறது. முகூர்த்தத் தேதியைக் குறித்துவிட்டு, அதற்கு முன் எந்த வாரம் தோதுப்படும் என்று பின்னோக்கி எண்ணுகிறார்கள். இந்த வரிசையே தப்பு; முதலில் கண் தயாரா என்று பார்க்க வேண்டும். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது ஓராண்டாவது பவர் ஏறாமல் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் காத்திருக்க வேண்டும்.

வான்கோழியில் செய்த சோதனை

இந்த லேசரின் கதை ஒரு வான்கோழியில் தொடங்குகிறது. சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ஆர். சீனிவாசன், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். 1981 நவம்பரில், நன்றி நவிலல் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய், அதன் மீது எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சினார். சுற்றிலும் தீயாமல், கருகாமல், வெட்டு மட்டும் துல்லியமாக விழுந்தது. அந்த லேசரின் 193 நானோமீட்டர் புறஊதாக் கதிர் திசுவைச் சுடுவதில்லை. அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை அறுக்கிறது. சீனிவாசன், அவருடைய சகாக்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோரின் இந்தக் கண்டுபிடிப்பை வைத்துத்தான் பிறகு கண் மருத்துவர்கள் கருவிழியைச் செதுக்கக் கற்றார்கள்.

கருவிழியில் மூடி திறக்க இன்று பயன்படும் ஃபெம்டோ லேசருக்கு வழிவகுத்த இருவரில் ஒருவர் ழெரார் மூரூ என்ற பிரெஞ்சுக்காரர். 2018-ல் நோபல் பரிசு பெற்றவர். ஒரு சென்னைக்காரர், ஒரு பிரெஞ்சுக்காரர். புதுச்சேரிக்குப் பொருத்தமான கூட்டணிதான்!

மைக்ரான் கணக்கு

கருவிழிப் படலம் அரை மில்லிமீட்டர் கனம்தான். லாசிக் முறையில் அதன் மேற்பரப்பில் மெல்லிய மூடி ஒன்றை வெட்டித் திறந்து, அடியில் உள்ள திசுவை லேசரால் சீவி, மூடியைத் திரும்ப மூடுகிறார்கள். மூடிக்கு ஏறக்குறைய 110 மைக்ரான். ஒரு பவரைச் சரிசெய்யச் சீவுவது தோராயமாக 15 மைக்ரான். அடியில் குறைந்தது 250 மைக்ரான் மிஞ்ச வேண்டும். 300 இருந்தால்தான் நிம்மதி என்கிற மருத்துவர்களும் உண்டு.

520 மைக்ரான் கனமுள்ள ஒருவருக்கு மைனஸ் 6 என்றால் 320 மிஞ்சும், கணக்கு இடிக்காது. 480 மைக்ரான் உள்ளவருக்கு மைனஸ் 9 என்றால் 235-தான் மிஞ்சும். அவரிடம் எவ்வளவு பணம் இருந்தாலும் லாசிக் கிடையாது. கருவிழியைச் சீவாமல் கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் முறை அவருக்கு ஒத்துவருமா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

‘வேண்டாம்’ என்று சொல்லும் படம்

கடலூர் சாலையில் அரியாங்குப்பம் தாண்டினால் தவளக்குப்பம். அங்கே 2003-ல் வந்தது அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெயரே புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தரிடமிருந்து போனதுதான். கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையும் இருக்கிறது. எங்கே போனாலும் பரிசோதனைக்கு அரை நாளை ஒதுக்குங்கள். ஸ்கூட்டரில் மட்டும் போகாதீர்கள். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்ட கண்ணோடு மதிய வெயிலில் வண்டி ஓட்ட முடியாது.

முக்கியமான சோதனை கருவிழியின் மேடு பள்ளத்தைப் படம் பிடிப்பது. தாடையைத் தாங்கியில் வைத்து ஒளி வளையங்களைப் பார்த்தால் போதும். திரையில் வண்ண வரைபடம் வந்துவிடும். சமமான கண்ணில் நிறங்கள் ஒழுங்காகப் பரவியிருக்கும். கீழ்ப்பாதியில் மட்டும் ஒரு சிவப்புத் திட்டு தெரிந்தால் மருத்துவர் உஷாராகிவிடுவார். கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸின் தொடக்கமாக அது இருக்கலாம். அலர்ஜியால் ஓயாமல் கண்ணைக் கசக்கும் இளைஞர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். அந்தக் கண்ணை லேசரால் மேலும் மெலியவைத்தால் புடைப்பு கூடி, கருவிழி மாற்று அறுவை வரை போகக்கூடும். இப்படித் திருப்பி அனுப்பப்படுபவர் ஏமாற்றமடையத் தேவையில்லை. நோய் வளராமல் தடுக்கும் சிகிச்சைக்கு அவர் சரியான நேரத்தில் வந்து சேர்ந்திருக்கிறார்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் சோதனைக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும்: மென் லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கடின வகைக்கு இன்னும் அதிகம். லென்ஸ் அழுத்தி மாறிய வடிவத்தை அளந்தால் கணக்கே பிசகிவிடும். லேசர் ஒத்துவராதவர்களுக்கு லென்ஸ் நல்ல துணைதான். அதோடு தூங்காமல், கடலில் குளிக்காமல், குழாய்த் தண்ணீரில் கழுவாமல் இருந்தால். தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி கருவிழியில் தொற்றினால் மாதக்கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.

மேசையில் படுத்த பிறகு

ஊசி கிடையாது, மரத்துப்போகச் சொட்டு மருந்துதான். இமையை ஒரு கிளிப் பிடித்துக்கொள்ளும். மூடி வெட்டும்போது கண்ணை அழுத்துவதால் சில நொடிகள் பார்வை மங்கும். பிறகு மினுக்கும் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டக் டக்கென்று சத்தம், முடி பொசுங்குவது போன்ற வாடை. அவ்வளவுதான். மறுநாள் காலையில் சுவர்க் கடிகாரம் கண்ணாடி இல்லாமலே தெரியும்போது வரும் பூரிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மூடி திறக்காத பிஆர்கே முறையில் சில நாள் வலி இருக்கும், பார்வை தெளியவும் நாளாகும். மெல்லிய கருவிழிக்காரர்களுக்கும் கபடி, குத்துச்சண்டை ஆடுபவர்களுக்கும் அதைப் பரிந்துரைப்பதுண்டு. எதுவானாலும் கண்ணைக் கசக்கக் கூடாது, சில வாரம் கடல் குளியல் கூடாது. கண் உலர்வும், இரவில் விளக்கைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டமும் பலருக்குச் சில மாதங்களில் அடங்கும், சிலருக்கு நீடிக்கும். இரவில் நெடுந்தூரம் வண்டி ஓட்டுபவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுத் தெளிவது நல்லது.

நாற்பதில் வரும் வெள்ளெழுத்து

லேசர் கருவிழியைத்தான் மாற்றுகிறது. வயதாகும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகுவதை அது தடுக்காது. 42 வயதில் லேசர் செய்துகொள்பவருக்கு பஸ் போர்டு பளிச்சென்று தெரியும், மருந்துச் சீட்டைப் படிக்கக் கண்ணாடி தேட வேண்டியிருக்கும். அதிக மைனஸ் பவர் உள்ளவர்களின் கண் நீண்டது. அந்த நீளமும் அப்படியேதான் இருக்கும். விழித்திரை கிழியும் அபாயம் விலகுவதில்லை என்பதால் ஆண்டுக்கொருமுறை விழித்திரைப் பரிசோதனை தொடர வேண்டும்.

அறுவைக்கு முந்தைய பவர், கருவிழி அளவுகள் அடங்கிய ஃபைலை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். பின்னாளில் கண்புரை வந்து லென்ஸ் வைக்கும்போது அந்த எண்கள் இருந்தால் கணக்கிடுவது எளிது. கண் அழுத்தம் பார்க்கும்போதும் “எனக்கு லேசர் ஆகியிருக்கிறது” என்று சொல்லிவிடுங்கள். மெலிந்த கருவிழியில் அழுத்தம் குறைவாகக் காட்டி, கிளாகோமா பிடிபடாமல் போகலாம்.