சீஜெப் முடிந்தது, அடுத்தது என்ன?



"மகன் கல்லூரி முடித்துவிட்டான்" என்று கோட்-டெ-நெய்ஜில் ஒரு தந்தை மகிழ்ந்து கூறும்போது, முன்னாள் ஆசிரியனாகிய நான் சற்றுத் தடுமாறுவதுண்டு. யாழ்ப்பாணத்தில் நாம் கல்லூரி என அழைத்தவை பாடசாலைகளே. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் மத்திய கல்லூரியும் க.பொ.த. உயர்தரத்துடன் நிறைவுறுவன. கியூபெக்கில் கல்லூரி எனப்படும் சீஜெப் வேறொன்று. 1967இல் தொடங்கிய இவ்வமைப்பு, பதினோராம் ஆண்டுடன் முடியும் இடைநிலைக் கல்விக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே நிற்பது. பிற மாகாணங்களில் இது இல்லை. ஆகையால் தொறொன்ரோ உறவினரின் தொலைபேசி ஆலோசனை இவ்விடயத்தில் எமக்கு அதிகம் உதவாது.

சீஜெப்பில் வழிகள் இரண்டு. ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தம் செய்யும் இரண்டாண்டுக் கல்வி. மற்றையது, மூன்றாண்டுத் தொழில்நுட்பக் கல்வி. இறுதியிற் பெறும் சான்றிதழின் பெயர் ஒன்றே, பயன் ஒன்றன்று. முன்னையது தன்னளவில் எத்தொழிலுக்கும் பிள்ளையை ஆயத்தப்படுத்துவதில்லை. அத்துடன் நிறுத்துபவர் பாதிப் பாலத்தில் நிற்பவரே. பின்னையதை முடித்தவர் நேரே வேலைக்குச் செல்லலாம். தாதியியல் கற்றவர் உரிய தொழிற் பரீட்சையிற் சித்தியெய்தித் தாதியாகலாம். விரும்பின் பல்கலைக்கழகமும் புகலாம். எனினும் எம்மவர் அதனை மூளை குறைந்தோர் செல்லும் வழியென இகழ்கின்றனர்.

இவ்விகழ்ச்சியின் வேர் எம் அச்சத்தில் உள்ளது. 1970களில் வந்த தரப்படுத்தல், கூடிய புள்ளி பெற்ற எம் மாணவர்க்கும் பல்கலைக்கழக வாசலை அடைத்தது. வைத்தியர் அல்லது பொறியியலாளர், இல்லையேல் வாழ்வில்லை என்ற கலக்கம் அன்று குடிபுகுந்தது. கடல் கடந்தும் எம்மைத் தொடர்கின்றது.

இலங்கையின் இசெட் புள்ளியை அறிந்தோர்க்கு இங்குள்ள ஆர் புள்ளி அந்நியமன்று. இதுவும் வகுப்பின் ஏனையோருடன் ஒப்பிட்டே கணிக்கப்படுகின்றது. ஆனால் அங்கே ஒரு பரீட்சை. இங்கே முதலாந் தவணை தொட்டு ஒவ்வொரு பாடமும். தவறிய பாடமும் கணக்கில் வரும். எனவே "கடைசி வருடத்திற் பார்ப்போம்" என்னும் பேச்சு இங்கே செல்லாது.

எனக்குத் தெரிந்த மாணவன் ஒருவன் தந்தையின் விருப்பப்படி விஞ்ஞானப் பிரிவிற் சேர்ந்தான். இரு தவணைகளிலும் கணிதத்திலும் இரசாயனத்திலும் தவறினான்; வீட்டிற் சொல்லவில்லை. சீஜெப் மாணவனிடமே பேசும். பெற்றோருக்குத் தேர்ச்சியறிக்கை அனுப்பும் வழக்கம் இல்லை. உண்மை தெரிந்த இரவு வீட்டில் உலை வைக்கவில்லை என்று தாயார் கூறினார். மறுவாரம் தந்தையும் மகனும் நானுமாக அங்குள்ள வழிகாட்டல் ஆலோசகரைக் கண்டோம். (இச்சேவைக்குக் கட்டணம் இல்லை. பிரெஞ்சு வராத கூச்சத்தால் எம்மவர் அந்தக் கதவைத் தட்டுவதில்லை.) மகனுக்கு எதிற் கைவருகிறது என அவர் கேட்டார். பழுதான வானொலிகளைத் திருத்துவான் என்று தந்தையே பதிலளித்தார்.

அவன் இலத்திரனியல் தொழில்நுட்பத்துக்கு மாறினான். தொழில்நுட்பச் சீஜெப் முடித்தோரையே முதன்மையாக ஏற்கும் பொறியியற் பல்கலைக்கழகம் ஒன்று மொன்றியலில் உண்டு: ஏகோல் த தெக்னோலொஜி சுப்பீரியர். இறுதியாண்டில் அவன் எழுத வேண்டியிருந்த கட்டாய மொழிப் பரீட்சைக்கு எம் பாடசாலை மேசையிலேயே பயின்றான். அதிற் சித்தியின்றேல் சான்றிதழே இல்லை. பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் வழமையான இறுதி நாள் மார்ச் 1. பெப்ரவரியிலேயே அவனது விண்ணப்பம் சென்றது. படிவத்தைத் தந்தை இருமுறை சரிபார்த்தார், ஒரு சொல்லும் புரியாமலே.