உருகாத வெண்கலம்

நுழையும்முன்

வெண்கலத்தில் பிறக்கும் நாதம் சில நொடிகளில் அடங்கிவிடும். அந்நாதத்தைப் பதிவுசெய்து, இசையமைப்பாளரின் விசைப்பலகையில் மீண்டும் ஒலிக்கச் செய்கிறது கணினி. ஒரு தீவின் இசை கணினிக்குள் குடியேறும் விதத்தையும், அங்கு அது இழக்கக்கூடியதையும் இப்பாடம் விளக்குகிறது.

கஞ்சக்கருவிகள்

தமிழிசை மரபு இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என வகைப்படுத்துகிறது. உலோகத்தால் ஆனவை கஞ்சக்கருவிகள். நாம் அறிந்த தாளமும் சேகண்டியும் காலத்தை அளந்து காட்டுவன. இந்தோனேசியாவின் சாவகத்திலும் பாலித் தீவிலுமோ, வெண்கலக் கருவிகளே மெட்டையும் இசைக்கின்றன. அவ்விசைக்குழு 'கேமலான்' எனப்படும். 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மனிதகுலத்தின் புலப்படாப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

அலையும் இணை

பாலியின் 'கங்சா' என்னும் கருவியில் வெண்கலப் பட்டைகள் மூங்கிற் குழாய்களின்மேல் தொங்குகின்றன. கலைஞர் வலக்கைச் சுத்தியால் ஒரு பட்டையைத் தட்டும்போதே, இடக்கையால் முந்தைய பட்டையைப் பற்றி அதன் ஒலியை அடக்குகிறார்.

இக்கருவிகள் இணையிணையாக அமைவன. இணையில் ஒன்றன் சுருதி மற்றதனினும் சற்றே உயர்ந்திருக்கும். ஒன்று 400 ஹெர்ட்ஸ், மற்றொன்று 407 ஹெர்ட்ஸ் எனக் கொள்வோம். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு 7 விம்மல்கள் எழும். பாலி மக்கள் இதனை 'ஓம்பாக்', அதாவது அலை என்பர். இவ்வலையே அவ்விசையின் உயிர்.

பதிவு செய்யும் முறை

ஒலிமாதிரி எடுப்போர் ஒவ்வொரு பட்டையையும் மென்மையாகவும் நடுத்தரமாகவும் வன்மையாகவும் தட்டிப் பதிவுசெய்வர். ஒரே வன்மையிலும் பன்முறை பதிவுசெய்வர். ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் அது இயந்திர ஒலியாகத் தோன்றும். 1983இல் அறிமுகமான 'மிடி' முறையில், விசை அழுத்தப்படும் வேகம் 1 முதல் 127 வரையிலான எண்ணாக மாறுகிறது. அவ்வெண்ணுக்கு உரிய பதிவைக் கணினி ஒலிக்கச் செய்கிறது.

எளிய வழியின் இழப்பு

ஒரே பதிவை விரைவுபடுத்தி உயர்ந்த சுரங்களையும் பெறலாமே என்னும் வினா எழலாம். அவ்வாறு செய்தால் மேற்கண்ட இணை 800, 814 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். விம்மல்களும் 14 ஆகப் பெருகும். பாலியில் சுருதி சேர்ப்போரோ, தாழ்ந்த சுரத்திலும் உயர்ந்த சுரத்திலும் அலையின் வேகம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்குமாறு பட்டைகளைச் சீவியும் தேய்த்தும் அமைக்கின்றனர். ஆகவே, எல்லாப் பட்டைகளையும் தனித்தனியே பதிவுசெய்தலே நேரிய முறை.

மற்றோர் இழப்பும் உண்டு. பியானோவின் 12 சம இடைவெளிகளுக்குள் கேமலானின் சுரங்கள் அடங்குவதில்லை. குழுவுக்குக் குழு சுருதியும் வேறுபடும். பிற கருவிகளோடு ஒத்திசைக்கும்பொருட்டு அச்சுரங்களைத் திருத்தினால், வெண்கலத்தின் நிறம் எஞ்சும். ஊரின் சுருதி மறையும்.

காத்தலும் கடமையும்

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாலியில் 'கெபியார்' என்னும் புதிய இசைவகை பரவியது. அதற்காகப் பழைய குழுக்கள் பலவற்றின் வெண்கலம் உருக்கி வார்க்கப்பட்டது. கருவி உருகியபோது அதன் சுருதியும் அழிந்தது. இன்று நேர்மையாகப் பதிவுசெய்யப்படும் ஒலிமாதிரி, அத்தகைய அழிவிலிருந்து ஒரு குழுவின் சுருதியைக் காக்க வல்லது. திருத்தப்பட்ட ஒலிமாதிரியோ, நெருப்பின்றியே அதனை உருக்கிவிடுகிறது. எதனைத் தேர்வது என்பது பயன்படுத்துவோர் கையில் உள்ளது.