தற்குறி இட்ட தச்சர்

கனடாவின் கெபெக் மாநிலத்தில் பிரெஞ்சு பேசும் மக்களிடையே 'குளூத்தியே' என்ற குடும்பப் பெயர் பரவலாக உண்டு. பிரெஞ்சில் 'குளூ' என்றால் ஆணி. 'குளூத்தியே' என்றால் ஆணி செய்பவர். அப்படியானால் அக்குடும்பங்களின் மூதாதை ஒரு கொல்லர் என்றுதானே எண்ணத் தோன்றும்? பெயர் நம்மை ஏமாற்றும் இடம் அதுதான். 1634ஆம் ஆண்டு பிரான்சிலிருந்து கப்பலேறிய சகரி குளூத்தியே ஒரு தச்சர்.

அன்று கெபெக், 'புதிய பிரான்சு' எனப்பட்ட பிரெஞ்சுக் குடியேற்ற நாடு. அங்கே பிழைக்கப் போன ஒரு தொழிலாளியை ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் எவ்வாறு இனங்காண்கின்றனர்? முதல் துணை தேவாலயப் பதிவேடுகள். திருமணப் பதிவில் மணமக்களின் பெற்றோர் பெயர்களும் இடம்பெறும். மணமான பெண்ணுக்கும் பிறந்த வீட்டுப் பெயரே ஏடுகளில் தொடரும். ஆகவே ஒரு மணப்பதிவைப் பிடித்துக்கொண்டு, அவர்களுடைய பெற்றோரின் மணப்பதிவு, அதற்கும் முந்தியது என ஏணிப்படிபோல் ஏறிவிடலாம். 1640இல் கெபெக் நகரத் தேவாலயம் தீப்பற்றி ஏடுகளும் எரிந்தன. பாதிரிமார் நினைவிலிருந்தே அவற்றைத் திரும்ப எழுதினர்! பதிவேடுகளை இரண்டு படிகளாக வைக்க வேண்டுமென்று பிரெஞ்சு அரசாணை கட்டளையிட்டது 1667இல்தான்.

ஆளைக் காட்டுவது பதிவேடு என்றால், தொழிலைக் காட்டுவது நோட்டரி எழுதிய பத்திரம். வேலை ஒப்பந்தம், நில விற்பனை, திருமண உடன்படிக்கை எல்லாம் நோட்டரி கையால் எழுதப்பட்டன. ஒருவர் இறந்தபின் வீட்டுப் பொருள்களையும் அவர் ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார். கோடரி, வாய்ச்சி, துளையாணி, இரம்பம் என்று பட்டியல் நீண்டால், அந்த வீட்டில் வாழ்ந்தவர் யாரென்று தனியே சொல்ல வேண்டுமா?

குளூத்தியே பெர்ஷ் என்னும் பகுதியிலுள்ள மொர்தாஞ் ஊரைச் சேர்ந்தவர். அங்கே 1634 மார்ச் 14 அன்று அவரும் கொத்தனார் ழான் கியோனும், ரொபேர் ழிஃபார் என்பவரிடம் வேலைக்குச் செல்ல ஒப்பந்தம் செய்துகொண்டனர். கெபெக் நகருக்கு அருகே போபோர் என்னும் நிலப்பகுதியைப் பெற்றிருந்தவர் ழிஃபார். காட்டைத் திருத்திக் குடியேற வேண்டிய இடத்துக்கு ஒரு தச்சரையும் ஒரு கொத்தனாரையும் முதலில் தேடிப் பிடித்த அவர் அறிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

குளூத்தியேவுக்கு எழுதத் தெரியாது. ஆனால் பத்திரங்களில் அவர் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போகவில்லை. கோடரி ஒன்றை வரைந்தார்! அதுவே அவர் கையொப்பம். குடும்பப் பெயர் மறைத்த தொழிலை அந்தச் சிறு படம் காட்டிக்கொடுக்கிறது.

'தற்குறி' என்ற நம் சொல்லை இங்கே எண்ணிப் பார்க்கிறேன். எழுதத் தெரியாதவர் தமக்கென இடும் குறியே தற்குறி. பின்னாளில் குறி போய், அதை இட்ட மனிதரையே இகழும் சொல்லாயிற்று. என் பாட்டனாரின் நிலப் பத்திரத்தில் இருப்பது கட்டைவிரல் ரேகை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். ஆகவே 'கைநாட்டு' என்று யாராவது சிரித்தால் எனக்குச் சுருக்கென்று தைக்கும். ரேகை ஆள் இன்னார் என்று ஐயமின்றி நிறுவும். ஆனால் அந்த விரல் ஏர் பிடித்ததா, உளி பிடித்ததா என்று சொல்லாது. அந்த வகையில் குளூத்தியேவின் கோடரி ரேகையைவிட மேலானது என்பது என் கருத்து.

இனிச் சற்றுக் கணக்கு. ஒருவருக்குப் பெற்றோர் 2, பாட்டன் பாட்டியர் 4 என்று இரட்டித்துச் சென்றால், 12ஆம் தலைமுறையில் 4,096 மூதாதையர் வேண்டும். புதிய பிரான்சில் 1666இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் பதிவானவர்களோ 3,215 பேர்தான். எனவே ஒரே மனிதர் ஒரே வம்சாவளியில் பல இடங்களில் வந்து நிற்பதில் வியப்பில்லை. மொந்திரேயால் பல்கலைக்கழக ஆய்வாளர் கணக்கின்படி, 1800க்கு முன் திருமணமான குளூத்தியே வழித்தோன்றல்கள் 10,850 பேர். அக்குடியேற்றத்தில் வேறெவருக்கும் இத்தனை பேர் இல்லை. அடுத்த இடத்தில் இருப்பவர் யார் தெரியுமா? அதே ஒப்பந்தத்தில் உடன் சேர்ந்த கொத்தனார் கியோன்!

இரு குடும்பங்களும் அவ்வளவு நெருக்கம். 1636 ஜூலை 27 அன்று குளூத்தியேவின் மகள் அன்னுக்கு எழுதிய திருமண உடன்படிக்கை கியோன் வீட்டார் கைப்பட எழுதியதே. கனடாவில் இன்று எஞ்சியுள்ள திருமண உடன்படிக்கைகளில் அதுவே மிகப் பழமையானது. மறு ஆண்டு மணம் நடந்தபோது அன்னுக்கு வயது 11. பழைய ஏடுகளைப் புரட்டினால் பெருமையோடு இத்தகைய செய்திகளையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கிறது.

ஒப்பந்தப்படி குளூத்தியேவுக்கு போபோரில் நிலம் கிடைத்தது. ஆனால் நிலம் தந்தவர் முன் மண்டியிட்டு விசுவாசம் சொல்லும் சடங்கைச் செய்ய அவர் மறுத்தார். கியோனும் மறுத்தார். வழக்கு ஆளுநர் வரை சென்றது. பல ஆண்டுகளுக்குப் பின் அந்நிலத்தை விற்றுவிட்டு, பிள்ளைகள் வாழ்ந்த ஷாத்தோ ரிஷே என்னும் ஊருக்குக் குளூத்தியே சென்றார். 1677 செப்டம்பரில் அங்கேயே காலமானார். அப்போது வயது எண்பதுக்கு மேல்.