உறக்கக் கோளாறுகளும் சிகிச்சையும்

தறியில் இழை அறுந்தால் உடனே முடிகிறோம். பயிரில் பூச்சி கண்டால் அன்றே கவனிக்கிறோம். உறக்கம் கெட்டால் மாத்திரம், வயதின் மீதும் கவலையின் மீதும் பழி போட்டு, ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறோம். வயது வந்தோர்க்கு நாள்தோறும் 7 மணி நேர உறக்கமேனும் அவசியம். அது கெடுவதற்குரிய காரணங்களுள் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நம் அங்கத்தினர்கள் அறிய வேண்டிய மூன்று கோளாறுகளை இங்கே விளக்குவோம்.

முதலாவது உறக்கமின்மை. படுத்தும் உறக்கம் வராமை, இடையில் விழித்தபின் மீண்டும் உறங்க இயலாமை ஆகியவை வாரத்தில் 3 இரவுகளேனும் நேர்ந்து, 3 மாதங்கள் நீடித்தால் அது நாட்பட்ட நோயாகும். பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் பயிற்சியே இதற்கு முதற் சிகிச்சையென அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. உறக்கமின்றிப் புரளப் புரள, படுக்கையை விழித்திருக்கும் இடமாகவே உடல் பழகிக்கொள்கிறது. ஆகவே கண் சொருகிய பின்னரே படுக்க வேண்டும். சுமார் 20 நிமிடத்தில் உறக்கம் வராவிடில் எழுந்து, அமைதியாக அமர்ந்திருந்து, பின்னர் திரும்ப வேண்டும். எப்பொழுது உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுதல் வேண்டும். மாலையில் காப்பி, தேநீரை விலக்குதல் நலம்.

இரண்டாவது உறக்க மூச்சுத்தடை. உரத்த குறட்டையை நல்ல உறக்கத்தின் அடையாளமென்று எண்ணுவோர் பலர். தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழி அடைபடுவதால், சிலருக்கு 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று, திணறலுடன் மீளும். கடுமையான நிலையில் இது மணிக்கு 30 முறையும் நிகழலாம். இரத்த அழுத்தம் உயரும். பகலில் வேலையின்போதும் வண்டி ஓட்டும்போதும் கண் அயரும். உறக்கப் பரிசோதனையால் நோயை உறுதி செய்வர். மூக்கில் பொருத்தும் மூடியின் வழியே இடையறாது காற்றழுத்தம் செலுத்திக் காற்றுவழியைத் திறந்து வைக்கும் சிகிச்சையை, ஆஸ்திரேலிய வைத்தியர் காலின் சல்லிவன் 1981-ல் வெளியிட்டார். பருமனைக் குறைத்தலும், மதுவை விலக்கலும், ஒருக்களித்துப் படுத்தலும் துணைபுரியும்.

மூன்றாவது கால் அமைதியின்மை. இரவில் ஓய்ந்து படுத்ததும் கால்களில் ஏதோ ஊர்வது போலிருக்கும், அசைத்தால் தணியும். ஸ்வீடன் நாட்டு வைத்தியர் எக்பாம் 1945-ல் இதனை விரிவாக விளக்கினார். இரும்புச்சத்துக் குறைவும் இதற்கொரு காரணம். ஆகையால் உழைத்த களைப்பென்று தைலம் தேய்ப்பதோடு நில்லாமல், இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. குறைவு தெரிந்தால் வைத்தியர் இரும்புச்சத்து மருந்து தருவார்.

தாமாகவே தூக்க மாத்திரை வாங்கி விழுங்குதல் ஆபத்து. சில மாத்திரைகள் நாளடைவில் பயன் குன்றி, விட முடியாத பழக்கமாகும். மூச்சுத்தடை உள்ளவர்க்கு அதனை மேலும் கடுமையாக்கவும் கூடும்.

உறங்குபவர் தம் மூச்சு நிற்பதைத் தாம் அறியார், அருகிலிருப்போரே அறிவர். ஆகவே குறட்டையினிடையே மூச்சு அடங்கக் கண்டால் வீட்டிலுள்ளோர் அதனை நகைத்து ஒதுக்காமல், அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வார்களாக.