தொட்டிப் புதினா வாடுவது ஏன்?

நம் சமையலறைகளில் புதினாவுக்குள்ள இடம் தனியானது. பிரியாணிக்கு அது வேண்டும்; நோன்புக் கஞ்சிக்கு அது வேண்டும்; துவையலுக்கும் அதுவே வேண்டும். ஆகவேதான், கடையில் வாங்கிய கட்டிலிருந்து இலைகளைக் கிள்ளிக்கொண்டு, எஞ்சிய தண்டுகளை ஒரு தொட்டியில் ஊன்றிவைக்கும் பழக்கம் நம் இல்லங்களில் இருந்து வருகிறது. தண்டுகள் எளிதில் வேர்பிடிக்கின்றன. முதல் சில மாதங்கள் தொட்டி நிறையப் பசுமைதான்.

ஆனால் ஓராண்டு கழிவதற்குள் அந்தப் பசுமை மங்கிவிடுகிறது. இலைகள் சிறுக்கின்றன; தண்டுகள் நூல்போல் மெலிந்து நீள்கின்றன. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நண்பகலில் செடி துவண்டு நிற்கிறது. "இந்த வீட்டுக்குப் புதினா ராசியில்லை" என்று முடிவுகட்டி, தொட்டியைக் குப்பையில் கவிழ்த்துவிடுகிறோம். அவ்வாறு நாம் கொட்டிவிடுவது பல வேளைகளில் உயிருள்ள செடியையே! குறை ராசியில் இல்லை, தொட்டிக்குள் இருக்கிறது.

மண்ணுக்குள் நடப்பது என்ன?

புதினா மேல்நோக்கி வளர்வதைவிடப் பக்கவாட்டில் பரவுவதையே இயல்பாகக் கொண்ட செடி. மண்ணுக்குள்ளும் மண்ணை ஒட்டியும் அதன் தண்டுகள் ஓடுகின்றன. ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டு, புதுத் தளிர் எழுப்புகின்றன. தோட்டத்தில் இடம் தேடி அது நகர்ந்துகொண்டே போகும். தொட்டியிலோ சுவர் குறுக்கிடுகிறது. ஓடிவந்த தண்டும் வேரும் சுவரோரமாக வளைந்து வளைந்து சுற்றி, பாய் பின்னியதுபோல் இறுகிவிடுகின்றன. வேர் மிகுந்து மண் குறைந்துபோவதால், ஊற்றிய தண்ணீரைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. அன்றாடம் ஊற்றும் நீரோடு மண்ணின் சத்தும் கரைந்து வெளியேறுகிறது. இந்நிலையில் உரத்தை மட்டும் கூட்டுவதால் பயன் சிறிதே. செடிக்குத் தேவை இடமும் புதுமண்ணுமே.

இதற்கான அடையாளங்களை எவரும் கண்டுகொள்ளலாம். ஊற்றிய தண்ணீர் நில்லாமல் உடனே அடியில் வழிந்தோடும். அடித்துளை வழியே வேர் எட்டிப் பார்க்கும். தொட்டியின் நடுப்பகுதி மொட்டையாகி, விளிம்பில் மட்டும் தளிர் இருக்கும். இவற்றுள் இரண்டு தென்பட்டாலும் செடியை மாற்றி நட வேண்டிய வேளை வந்துவிட்டது என்று அறியுங்கள்.

எப்போது மாற்றுவது?

தமிழகத்தில் பருவமழை ஓய்ந்த பின்வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. கத்திரி வெயிலைத் தவிர்ப்பது நலம். நோன்புக்குப் புதினா வேண்டுவோர் ரஜப் மாதத்தின் நடுவில் மாற்றி நட்டால், தலைப்பிறை தெரிவதற்குள் ஏறத்தாழ ஆறு வாரங்கள் கிடைக்கும். செடி தழைக்க அது போதும். ரமளான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னதாக வருவதால், அந்த ரஜப் கோடையில் அமையும் காலங்களில் நிழலைக் கூடுதலாகக் கொடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பருவமாயினும் வெயில் தணிந்த அஸருக்குப் பிந்திய வேளையே நல்லது.

தொட்டியும் மண்ணும்

புதினாவுக்கு ஆழத்தைவிட அகலமே முக்கியம். 12 அங்குல அகலமும் 8 அங்குல ஆழமும் உள்ள தொட்டி ஒரு குடும்பத்துக்குப் போதுமானது. சிறு செடியை மிகப் பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி அழுகல் உண்டாகும். புதிய மண்தொட்டியாயின் சில மணிநேரம் தண்ணீரில் ஊறவைத்தபின் பயன்படுத்துங்கள். இல்லையேல் மண்ணின் ஈரத்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

அடியில் துளை கட்டாயம் இருக்க வேண்டும். அதன்மேல் ஓர் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும். நீர் வடிவதற்கென்று கூழாங்கற்களைப் பரப்பும் வழக்கம் பயன் தருவதில்லை. நுண்ணிய மண்ணிலிருந்து பருத்த கற்களுக்கிடையே நீர் எளிதில் இறங்குவதில்லை. கற்களுக்கு மேலேயே ஈரம் தங்கிவிடும். வேருக்கு உரிய இடமும் வீணாகும்.

செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு, மணலோ தென்னை நார்க் கழிவோ ஒரு பங்கு எனக் கலந்துகொள்ளுங்கள். நார்க் கழிவில் உப்பு இருக்கக்கூடுமாதலால் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம். அது வேரைக் கருக்கிவிடும்.

மாற்றி நடும் முறை

மாற்றுவதற்கு இரண்டு மணிநேரம் முன்பு செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு தண்டுகளை மூன்று விரற்கடை உயரத்துக்கு நறுக்கிவிடுங்கள். வெட்டிய இலை அன்றைய சமையலுக்கு ஆகும். இலை குறைந்தால் நீரிழப்பும் குறையும். காயப்பட்ட வேருக்கு அது பெரிய ஆறுதல்.

விரல்களுக்கிடையே தண்டுகள் நிற்குமாறு உள்ளங்கையை மண்மீது வைத்து, தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பைப் படிக்கட்டில் மெதுவாகத் தட்டுங்கள். வேர்க்கட்டி முழுதாகக் கழன்று வரும். வராவிடில் பழைய கத்தியொன்றை உட்சுவரை ஒட்டிச் சுற்றிவிடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்கலாகாது.

இனித் தயக்கம் வேண்டாம். சுற்றிக்கிடக்கும் அடிவேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி நீக்குங்கள். கட்டியை நான்காகப் பிளந்துகொள்ளுங்கள். வெண்மையாக, விறைப்பாக இருப்பவை நல்ல வேர்கள். கறுத்துக் குழைந்து நாறுபவற்றைக் களைந்துவிடுங்கள். நடுவில் கட்டைபோல் முதிர்ந்த பகுதியைத் தள்ளி, விளிம்பில் தளிரோடு உள்ள இளம் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு துண்டுகளை ஒரு தொட்டியில் இடைவெளி விட்டு, முன்பிருந்த ஆழத்திலேயே நட்டு, மண்ணை மென்மையாக அழுத்துங்கள். மேலே ஓர் அங்குலம் காலியாக இருக்கட்டும். அடியில் வழியும் வரை தண்ணீர் ஊற்றுங்கள்.

அதன் பின்

ஒரு வாரம் நிழலில் வையுங்கள். முதல் இரண்டு நாள் செடி துவண்டால் அஞ்ச வேண்டாம். அதைக் கண்டு தண்ணீரைக் கொட்டுவதுதான் ஆபத்து. மேல்மண்ணை விரலால் தொட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். பின்னர்க் காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றலாம். ஒரு மாதம் வரை உரம் எதுவும் தேவையில்லை. பறிக்கும் காலம் வந்ததும் கணுவுக்குச் சற்று மேலே கிள்ளினால், அங்கிருந்து இரு கிளைகள் எழும். ஒரே வேளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பறிக்காதீர்கள்.

ஆண்டுக்கொரு முறை இவ்வாறு செய்தால் ஒரே செடி பல்லாண்டு தொடரும். ஆனால் எல்லாச் செடிக்கும் இம்முறை பொருந்தாது. கொத்தமல்லி ஆணிவேர்ச் செடி. இடம் மாற்றுவதை விரும்பாது. புதிதாக விதைப்பதே மேல். கறிவேப்பிலையைப் பெரிய தொட்டிக்கு மாற்றலாம், ஆனால் பிளக்கலாகாது.

நான்கு துண்டுகளில் இரண்டு நமக்குப் போதும். எஞ்சிய இரண்டை என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? நோன்புக் கஞ்சியை அண்டை வீட்டாரோடு பகிர்ந்து உண்டு பழகியவர்கள் நாம். ஒரு துண்டைப் பழைய டப்பாவில் நட்டு அடுத்த வீட்டுச் சகோதரிக்குக் கொடுங்கள். என்றேனும் உங்கள் தொட்டி பட்டுப்போனால், உங்களுக்கான புதினா அந்த வீட்டில் தழைத்திருக்கும்.