ஆயா கேட்கும் கேள்வி

“பேரு நல்லாத்தான் இருக்கு. கூப்பிட வருமா?”

குழந்தைக்குப் பெயர் தேடும் வீட்டில் ஆயா இப்படிக் கேட்டால் இளசுகள் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் பேச்சொலியை ஆராய்கிறவர்களும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். ஒரே பெயர் ஒருவர் வாயில் சரளமாக வருகிறது, இன்னொருவர் வாயில் முட்டி நிற்கிறது. அப்படியானால் கடினம் எங்கே இருக்கிறது? பெயரிலா, வாயிலா, காதிலா?

இதை யோசிக்கச் சுண்ணாம்புக்குளம் பொருத்தமான இடம். திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், பழவேற்காடு ஏரிப் பக்கத்தில், ஆந்திர எல்லைக்கு அருகே இருக்கிறது. ஏரியின் பெரும்பகுதி அந்த மாநிலத்தில்தான். வலையும் படகும் மீன் வியாபாரமும் தமிழிலும் தெலுங்கிலுமாக நடக்கிற வட்டாரம் இது. ஏரியின் தென்கோடியில் பழவேற்காட்டு ஊரில் மகிமை மாதா கோயில் இருக்கிறது, பழைய பள்ளிவாசல் இருக்கிறது, டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. இங்கே பிறக்கிற பிள்ளையின் பெயர் பலவகை வாய்களைக் கடந்தாக வேண்டும்.

ஊர்ப் பெயருக்கே அந்த அனுபவம் உண்டு. 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் பழவேற்காட்டைப் ‘பாலியகட்டா’ என்று எழுதினார்கள். ஆங்கிலேயர் வாயில் அது ‘புலிக்காட்’ ஆயிற்று. இரண்டிலும் முதலில் கழன்று போனது ழகரம். ஐரோப்பியர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் நம்முடைய ஏழு ‘ஏடு’, நம்முடைய கோழி ‘கோடி’. பழைய தெலுங்குக் கல்வெட்டுகளில் இந்த ஒலிக்குத் தனி எழுத்தே இருந்தது. பிறகு ஒலியும் போயிற்று, எழுத்தும் போயிற்று. தமிழ் பேசும் நம்மிடமும் கதை அப்படித்தான். சென்னை வட்டாரப் பேச்சில் பழம் ‘பயம்’ ஆகிறது, குழந்தை ‘கொயந்த’ ஆகிறது. தெற்கே போனால் ‘பளம்’.

இப்போது யாழினி, மகிழன், இதழினி, கயல்விழி என்று ழகரப் பெயர்கள் திரும்பி வந்திருக்கின்றன. மனம் நிறைகிற செய்தி இது. கூடவே, பிள்ளையின் பெயரை உலகம் கெடுத்துவிடுமே என்ற பயமும் பெற்றோருக்கு வருகிறது.

யாழினி என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘யா’வில் நாக்கு தாழ்ந்து கிடக்கிறது. ‘ழி’க்கு அதன் நுனி எழும்பி, மேலண்ணத்தை நோக்கிப் பின்னால் வளைகிறது. ஆனால் முட்டுவதில்லை. முட்டுவதற்குச் சற்று முன்பே நின்று, காற்றுக்கு வழி விடுகிறது. கொஞ்சம் அதிகமாகப் போய் அண்ணத்தைத் தொட்டு, ஓரங்களில் மட்டும் காற்றை விட்டால் ளகரம். காற்றை முழுக்க அடைத்துத் திறந்தால் டகரம். நுனி வளையச் சோம்பி, நடுநாக்கு மட்டும் எழும்பினால் யகரம். பளம், பயம், தெலுங்கின் ஏடு எல்லாமே இந்த ஒரு சிறு இடைவெளியைச் சுற்றிச் சுற்றி நடப்பவை. அமெரிக்காவில் ஆய்வு செய்யும் ஸ்ரீகாந்த் நாராயணனும் டேனி பர்ட், அபிகெயில் கான் ஆகியோரும், தமிழ் பேசும்போது வாய்க்குள் நடப்பதை எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, நாக்கின் அசைவைக் கருவிகளால் தொடர்ந்து, 1999-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ர, ற, ல, ள, ழ ஐந்தையும் பிரித்துக் காட்டுவதில் நாக்கின் முன்பகுதிக்கு மட்டுமல்ல, பின்பகுதிக்கும் பங்கு உண்டு என்பது அதில் தெரிந்தது. நாக்கின் இரு பகுதிகளும் ஒத்துழைத்தால்தான் ழ. அது எளிதில் நழுவுவதில் வியப்பில்லை.

ஆனால் கைக்குழந்தைக்கு எந்த ஒலியும் அந்நியமில்லை. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதில் மிகப் பெயர்பெற்றது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள ட, த ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். நமக்குப் பட்டு வேறு, பத்து வேறு. ஆங்கிலத்தில் அப்படி ஒரு பாகுபாடு இல்லை. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை வேறுபாட்டைக் கண்டுகொண்டன. பத்து, பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலவற்றுக்கே அது பிடிபட்டது. சுற்றியுள்ளவர்கள் பேசாத ஒலியைக் காது ஒரு வயதுக்குள் தள்ளிவைத்துவிடுகிறது. ஏறக்குறைய அதே பருவத்தில்தான் பெயரும் பதிகிறது. நாலரை மாதத்திலேயே குழந்தை மற்றப் பெயர்களைவிடத் தன் பெயரை அதிக நேரம் கவனித்துக் கேட்கிறது என்று 1995-இல் மேண்டல், ஜுஸ்சிக், பிசோனி மூவரும் காட்டினார்கள். ஆகவே பெயரில் ழ இருந்தால், பிள்ளை பேசத் தொடங்கும் முன்பே அந்த ஒலி நாள்தோறும் பலமுறை அதன் காதில் விழும். வாய்க்கு வரக் கொஞ்சம் நாளாகும். 27 மொழிகளின் ஆய்வுகளைத் தொகுத்து மெக்லியட், க்ரோ இருவரும் 2018-இல் எழுதியபடி, பெரும்பாலான மெய்யொலிகள் ஐந்து வயதுக்குள் வந்துவிடுகின்றன. மூன்று வயதுப் பிள்ளை தன் பெயரை ‘யாயினி’ என்று சொன்னால் கவலைப்படத் தேவையில்லை.

ஆயாவே ‘யாயினி’ என்று கூப்பிட்டாலும் நான் கவலைப்பட மாட்டேன். ஒலி மாறியிருக்கிறது, பெயர் தடங்கலில்லாமல் ஓடுகிறது. உண்மையான முட்டுக்கட்டை வேறிடத்தில் இருக்கிறது.

அஸ்த நட்சத்திரத்தில் பிறந்த பிள்ளையின் பெயருக்குப் பஞ்சாங்கம் தரும் முதலெழுத்துகள் பூ, ஷ, ண, ட. ணகரத்திலும் டகரத்திலும் தமிழ்ச் சொல் தொடங்காது. மிச்சம் இருப்பதில் ‘ஷ’வைப் பிடித்துக்கொண்டு பெற்றோர் கைப்பேசியில் தேடுகிறார்கள். இன்னும் சிலர் எண் கணிதத்துக்காக எழுத்தைக் கூட்டுகிறார்கள். கடைசியில் ‘ஷ’ நடுவிலாவது வரும்படி கிரிஷ்வந்த், தக்ஷித் என்று பெயர் அமைகிறது. ஆயா அதைக் ‘கிருசுவந்து’ என்கிறார், ‘தச்சித்து’ என்கிறார். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டியதில்லை. தமிழ்ச் சொல் க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின மெய்களில் முடிவதில்லை. அதனால் ஈற்றில் ஓர் உகரம் வந்து உட்காருகிறது. மெய்கள் நெருக்கியடித்து நின்றால் நடுவில் ஓர் உயிர் நுழைகிறது. லட்சுமணனை இலக்குவன் ஆக்கியதும் விபீஷணனை வீடணன் ஆக்கியதும் இதே ஒலி இலக்கணம்தான். கம்பர் நாவில் இருந்தது ஆயாவின் நாவிலும் இருக்கிறது. கடற்கரைக் கிறிஸ்தவர்கள் ஜோசப்பைச் சூசை என்றும் சேவியரைச் சவேரியார் என்றும் ஆக்கிக்கொண்டார்கள். வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசையப்பரை வளன் என்றே அழைத்தார். தமிழ் முஸ்லிம்கள் எதிர்த்திசையில் போய், அரபி எழுத்தில் புள்ளிகளைக் கூட்டித் தமிழ் ஒலிகளைக் காப்பாற்றி அறபுத் தமிழை உருவாக்கினார்கள்.

பெயர் கூப்பிடுவதற்குத்தான் என்பதைத் தமிழ் இலக்கணம் மறக்கவில்லை. தொல்காப்பியத்தில் விளிமரபு என்று ஓர் இயலே உண்டு. முருகன் முருகா ஆகிறான், செல்வி செல்வீ ஆகிறாள். கடைசி உயிர் நீள்கிறது. ஏரிக்கரையில் நின்று படகில் இருப்பவரைக் கூப்பிடும்போது இந்த நீட்டலின் பயன் தெரியும். குரலின் ஆற்றல் பெரும்பாலும் உயிரொலிகளில் இருக்கிறது. ஸ, ஷ போன்ற உரசொலிகளின் ஆற்றல் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. உயர் அதிர்வெண்களைக் காற்று தொலைவில் அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும், காற்றின் இரைச்சலும் அவற்றை மூடும். “யாழினீ” என்றால் ‘ழி’ தேய்ந்தாலும் ‘யா’வும் ‘னீ’யும் அக்கரை போய்ச் சேரும். ‘தக்ஷித்’தில் நீட்டுவதற்கு ஒன்றுமில்லை. “தச்சித்தூ” என்று ஆயா கொடுக்கிற உகரம்தான் கைகொடுக்கும்.

பள்ளி, அலுவலகம், வெளியூர் என்று போகும்போது நிலைமை வேறு. சைமன் லாஹம், பீட்டர் கோவல், ஆடம் ஆல்டர் மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சொல்ல எளிதான பெயருள்ளவர்களை மக்கள் கூடுதலாக விரும்பினார்கள். அமெரிக்க வழக்கறிஞர் நிறுவனங்களில் அப்படிப்பட்ட பெயருடையவர்கள் மேல்பதவிகளில் இருக்கும் போக்கும் தெரிந்தது. பெயர் நீளமா, அபூர்வமா, அயல்நாட்டுப் பெயரா என்பதையெல்லாம் கழித்துப் பார்த்தும் இந்த விளைவு நின்றது. உணவில் சேர்க்கும் பொருள்கள் என்று சொல்லிக் கற்பனைப் பெயர்களைக் கொடுத்தபோது, உச்சரிக்கச் சிரமமானவற்றை ஆபத்தானவை என்று மக்கள் நினைத்ததாக 2009-இல் இன்னொரு ஆய்வு காட்டியது. சொல்பவரின் நாக்கு படுகிற பாட்டை மூளை பொருளின் மேல், ஆளின் மேல் ஏற்றிவிடுகிறது.

இது அநியாயம். இதற்காகப் பிள்ளையின் பெயரை வெட்டச் சொல்வது அதைவிடப் பெரிய அநியாயம். முதலில் பார்த்தபோது அந்நியமாக இருந்த சொற்கள்கூட, திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டதும் பிடித்துப்போகின்றன என்று ராபர்ட் சயான்ஸ் 1968-இலேயே காட்டியிருக்கிறார். வருகைப் பதிவேட்டைப் படிக்கும் ஆசிரியர் முதல் வாரத்தில் “உன் பேரை நீயே சொல்லு” என்று கேட்டு, இரண்டு முறை சொல்லிப் பார்த்தால் போதும். திருத்திக்கொள்ள வேண்டியவர் அவர்தான், ஆறு வயதுப் பிள்ளை அல்ல.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயரை அப்போதே கொடுத்தாக வேண்டியதில்லை. 12 மாதம்வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை சேர்க்கலாம். அந்த முதல் ஆண்டில் பெயரை வீட்டில் எல்லோரும் கூப்பிட்டுப் பாருங்கள். தெருப் பிள்ளைகள் கூப்பிடட்டும், எல்லைக்கு அப்பால் இருக்கும் உறவுகளும் கூப்பிடட்டும். ஆங்கில எழுத்தில் ழகரத்துக்கு எதை எழுதுவது என்பதையும் அதற்குள் முடிவு செய்துவிட்டு, பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றிலும் அதையே மாற்றாமல் எழுதுங்கள்.