தண்ணீரைத் தெளியவைக்கும் விதை. தேடிக் காக்க வேண்டிய காட்டு மரம்

புது தில்லி: கலங்கிய ஆற்று நீரில் முருங்கை விதையைப் பொடித்துக் கலக்கினால், ஓரிரு மணி நேரத்தில் சேறு அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். கடந்த அரை நூற்றாண்டில் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் உறுதி செய்துள்ள உண்மை இது. ஆனால், எந்த மரத்தின் விதை, எந்தப் பருவத்தில் பறித்த விதை என்ற கேள்விகளை எழுப்பினால், பதில் அத்தனை எளிதாகக் கிடைப்பதில்லை. விதைக்கு விதை மாறுபடும் அந்தத் திறனை அளந்தறிய வேண்டுமானால், முதலில் மரங்களின் பன்மை அழியாமல் இருக்க வேண்டும். முருங்கையின் பிறப்பிடமான இந்தியாவுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு.

வடமேற்கு இந்தியாவில் இமயமலையின் அடிவாரப் பகுதியே முருங்கையின் தாயகம் எனத் தாவரவியலாளர்கள் கருதுகின்றனர். அங்கிருந்துதான் அது தென்னிந்தியாவுக்கும், பின்னர் ஆப்பிரிக்கா, தென்கிழக்கு ஆசியா, அமெரிக்க நாடுகளுக்கும் பரவியது. இன்று உலகின் வெப்ப நாடுகளில் கொல்லைதோறும் நிற்கும் இம்மரத்தின் காட்டு வடிவம், தாயகத்திலேயே அரிதாகத்தான் தென்படுகிறது.

பழைய அறிவு

தாவரங்களைக் கொண்டு நீரைத் தெளிவிப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. சுசுருத சம்ஹிதையில் நீரைத் தெளிவிக்கும் பொருள்களின் வரிசையில் 'கதகம்' இடம்பெறுகிறது. வடநாட்டில் 'நிர்மலி' என்றும், தமிழகத்தில் தேற்றான்கொட்டை என்றும் அழைக்கப்படுவது இதுவே. மண் பானையின் உட்புறத்தில் இந்தக் கொட்டையைத் தேய்த்து, அதில் நீரை ஊற்றி வைப்பது வழக்கம். சங்க நூலான கலித்தொகையில், கலங்கியிருந்த பெண்ணின் மனம் தெளிந்ததற்கு, இக்கொட்டையால் தெளிந்த நீர் உவமையாக வருகிறது. அந்த அளவுக்கு அன்றாட வாழ்வில் கலந்திருந்த பழக்கம் அது.

மத்திய, தென்னிந்தியாவின் வறண்ட இலையுதிர் காடுகளில் வளரும் இந்த மரம், முருங்கையைப்போலத் தோட்டப் பயிராகவில்லை. 1976-ல் திரிபாதி, மலய் சவுத்ரி, போகில் ஆகியோர் நிர்மலி விதையை இயற்கையான திரட்டுப் பொருளாக ஆராய்ந்து எழுதிய கட்டுரை, இத்துறையில் இந்தியாவின் முன்னோடிப் பணிகளில் ஒன்று. நிர்மலி விதையில் உள்ள கூட்டுச் சர்க்கரைப் பொருள்களே நீரைத் தெளிவிக்கின்றன எனப் பின்னர் 1990-களில் நடந்த ஆய்வுகள் காட்டின.

நைல் நதிக்கரைப் பெண்கள்

முருங்கை விதையின் ஆற்றலை அறிவியல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த சாமியா அல் அசாரியா ஜான். 1970-களிலும் 80-களிலும் சூடானில் பணியாற்றிய அவர், நைல் நதியின் செந்நிற வெள்ள நீரைக் கிராமப் பெண்கள் முருங்கை விதை கொண்டு தெளிய வைப்பதைப் பதிவு செய்தார். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அழகுக்காகக் கொண்டு செல்லப்பட்ட மரம் அது. அதன் விதைக்கு இப்படியொரு பயன் இருப்பதை அந்தப் பெண்களே கண்டறிந்தனர். 'தெளிவிக்கும் மரம்' என்ற பொருளில் அங்கு அதற்குப் பெயரும் ஏற்பட்டது.

இதன் தொடர்ச்சியாக, பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் தயோலோ என்னுமிடத்தில் உள்ள நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் முருங்கை விதையை முழு அளவில் பயன்படுத்திப் பார்த்தனர். விதைக் கரைசலால் சேறு திரண்டு படிந்தபின், மணல் வடிகட்டி வழியே வந்த நீரின் கலங்கல் பெரும்பாலும் 5 அலகுக்கும் கீழே இருந்தது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதிகளின்படி, விரும்பத்தக்க கலங்கல் அளவு 1 அலகு. வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 5 அலகு வரை அனுமதிக்கப்படுகிறது.

விதைக்குள் என்ன இருக்கிறது?

கலங்கிய நீரில் மிதக்கும் களிமண் துகள்களும் பாக்டீரியாக்களும் எதிர் மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்குவதால் அவை எளிதில் படிவதில்லை. முருங்கை விதையில் உள்ள, நீரில் கரையும் சிறு புரதங்கள் நேர் மின்னூட்டம் கொண்டவை. அவை துகள்களின் மின்னூட்டத்தைச் சமன்படுத்தி, ஒன்றோடொன்று ஒட்டச் செய்கின்றன. திரண்டு கனமானவை அடியில் படிகின்றன. படிகாரம் செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுவே. ஆனால் படிகாரத்தைப்போல முருங்கை விதை நீரின் அமிலத் தன்மையைப் பெரிதும் மாற்றுவதில்லை. படியும் கசடும் குறைவு.

1995-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், இந்தப் புரதங்களில் ஒன்றைப் பிரித்தெடுத்து, அது சுமார் 60 அமினோ அமிலங்களால் ஆனது என அறிவித்தனர். இதே புரதம் பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைத்து அவற்றைக் கொல்லவும் செய்கிறது என 2015-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகக் குழுவினர் விளக்கினர். விதையிலிருந்து எண்ணெயை எடுத்த பின்னும் பிண்ணாக்கில் இத்திறன் எஞ்சியிருக்கும். எண்ணெயை விற்று வருவாய் ஈட்டவும், பிண்ணாக்கைக் கொண்டு நீரைத் தெளிவிக்கவும் கிராமங்களுக்கு வாய்ப்பு உண்டு.

எல்லைகள்

இவ்வளவு இருந்தும், முருங்கை விதை குடிநீர்த் திட்டங்களில் இடம்பெறாததற்குக் காரணங்கள் உள்ளன. விதைப் பொடியிலிருந்து கரையும் பிற கரிமப் பொருள்களும் நீரிலேயே தங்கிவிடுகின்றன. மிஞ்சிய ஓரிரு பாக்டீரியாக்களுக்கு அவையே உணவாகின்றன. எனவே, இவ்வாறு தெளிவித்த நீரை ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. குடிக்கும் முன் காய்ச்சுவது நல்லது. கங்கைச் சமவெளியின் நிலத்தடி நீரில் உள்ள ஆர்செனிக், ராஜஸ்தானின் புளூரைடு, யமுனையில் கலக்கும் சாக்கடையின் அம்மோனியா ஆகியவற்றுக்கு இந்தப் பொடி மருந்தாகாது. கலங்கலையும் கிருமிகளையும் குறைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

கரிமப் பொருள் சிக்கலுக்குப் பென்சில்வேனியா குழுவினர் 2012-ல் ஒரு வழி கூறினர். விதைக் கரைசலை மணலில் ஊற்றினால், புரதம் மணலில் ஒட்டிக்கொள்ளும். மற்றவற்றைக் கழுவி வெளியேற்றிவிடலாம். அந்த மணலே வடிகட்டியாகிறது. இம்முறையை மேம்படுத்தி 2019-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், சோதனைக்குப் பயன்படுத்திய ஒருவகை வைரஸ், கோடியில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தது.

எனினும், மற்றொரு தடை அப்படியே இருக்கிறது. விதைகள் ஒரே தரத்தில் கிடைப்பதில்லை என்பதே அது. நன்கு முற்றி, மழைக்காலத்தில் பறிக்கப்பட்ட விதைகளே அதிகத் திறன் கொண்டவை என 2012 ஆய்வு காட்டியது. வெவ்வேறு இடங்களிலிருந்து பெறப்பட்ட விதைகளின் தெளிவிக்கும் திறனை ஒப்பிட்ட ஆய்வுகளும் உள்ளன. படிகாரத்துக்கு இத்தனை கிராம் எனக் கணக்குச் சொல்லலாம். முருங்கைக்கோ, கலங்கலைப் பொறுத்து நான்கு லிட்டருக்கு ஒரு விதை முதல் ஒரு லிட்டருக்கு இரண்டு விதை வரை எனத் தோராயமாகவே வழிகாட்ட முடிகிறது.

காட்டு மரத்தின் கசப்பு

இங்குதான் காட்டுத் தாவரங்களின் வேறுபாடு பற்றிய ஆய்வுகள் முக்கியத்துவம் பெறுகின்றன. மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் மார்க் ஓல்சன், உலகின் முருங்கை இனங்களைத் தேடிச் சேகரித்து வருபவர். முருங்கைப் பேரினத்தில் 13 இனங்கள் உள்ளன. அவரும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெட் பாஹே உள்ளிட்ட பிறரும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு, காட்டு முருங்கையையும் வளர்ப்பு முருங்கையையும் ஒப்பிட்டது. சுவையிலும், காரத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களின் வகையிலும், ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனிலும் இரண்டும் வேறுபட்டன. புரத அளவில் வேறுபாடு காணப்படவில்லை.

மனிதர் தம் நாவுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், மரத்தின் வேதியியலே மாறியிருக்கிறது என்பது இதன் பொருள். அந்த ஆய்வு, உணவாகப் பயன்படும் தன்மைகளைப் பற்றியது. நீரைத் தெளிவிக்கும் விதைப் புரதம் காட்டு மரத்தில் எவ்வளவு, வளர்ப்பு மரத்தில் எவ்வளவு என்பதும் இதேபோல் மரம் மரமாக ஒப்பிடப்பட வேண்டிய ஒன்று. தண்ணீர் ஆய்வும் மரபு வள ஆய்வும் பெரும்பாலும் தனித்தனியே நடந்துவருவதே இதில் உள்ள குறை.

இந்தியாவில் இயற்கையாக வளரும் இன்னொரு முருங்கை இனமும் உண்டு. கொங்கணப் பகுதியின் பெயரைத் தாங்கிய அந்த இனம் ராஜஸ்தான் முதல் தமிழகம் வரை வறண்ட பகுதிகளில் ஆங்காங்கே வளர்கிறது. தமிழகத்தில் பெரம்பலூர் வட்டாரத்தில் காட்டு முருங்கை எனப்படுவது இதுவே. அதன் விதையும் முறையாக ஆராயத்தக்கதே.

பெருகும் மரம், சுருங்கும் பன்மை

முருங்கை அழிந்துவருகிறது என்று யாரும் கூற முடியாது. சாகுபடிப் பரப்பு பெருகியே வந்துள்ளது. 1989-ல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.-1 என்ற விதை முருங்கை, தமிழகத்தைத் தாண்டி ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் எனப் பரவி, வெளிநாடுகளுக்கும் சென்றது. விவசாயிகளுக்கு அது நல்ல விளைச்சல் தந்தது. ஆனால் ஒரே ரகம் எங்கும் பரவும்போது, ஊருக்கு ஊர் இருந்த யாழ்ப்பாண முருங்கை, செம்முருங்கை, கொடிக்கால் முருங்கை போன்றவை பின்தள்ளப்படுகின்றன. அடுத்து வந்த பி.கே.எம்.-2 ரகமே எப்போதும்வென்றான், அரசரடி ஆகிய ஊர்களின் நாட்டு ரகங்களைக் கலந்து உருவாக்கப்பட்டது என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. நாட்டு மரங்கள் இல்லாதிருந்தால் அந்தப் புதிய ரகமும் இல்லை.

மடகாஸ்கர் தீவில் நடந்தது ஓர் எச்சரிக்கை. அங்குள்ள ஹில்டெபிராண்டி என்ற முருங்கை இனம், இயற்கையான வாழிடத்தில் அற்றுப்போய்விட்டது என்றும், கிராம மக்கள் தங்கள் குடியிருப்புகளில் நட்டு வளர்த்ததாலேயே உயிர் பிழைத்திருக்கிறது என்றும் 2000-ல் ஓல்சன் உள்ளிட்டோர் பதிவு செய்தனர். இன்னோர் இனத்துக்கும் இதே கதி நேராது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. காட்டில் பலவிதமாக நின்றவற்றில் சில மரங்களின் வாரிசுகள் மட்டுமே முற்றத்தில் தப்பிப் பிழைக்கின்றன.

தலைநகரின் பொறுப்பு

தில்லி பூசா வளாகத்தில் 1976-ல் தொடங்கப்பட்ட தேசியத் தாவர மரபு வளங்கள் அமைவனம், நான்கரை லட்சத்துக்கும் அதிகமான விதை மாதிரிகளைப் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிரில் பாதுகாத்து வருகிறது. அவற்றில் தானியங்களுக்கும் பயறு வகைகளுக்குமே முதலிடம். பசியைப் போக்கத் தொடங்கிய பணியில் அது இயல்பானதே. ஆனால் முருங்கை, தேற்றான் போன்ற மரங்களைப் பொறுத்தவரை விதையை உறைகுளிரில் வைப்பதோடு வேலை முடிவதில்லை. காட்டில் நிற்கும் தாய் மரமும், அது நிற்கும் நிலமும் காக்கப்பட்டாக வேண்டும்.

முருங்கையின் முழு மரபணுத் தொகுப்பின் முதல் வரைவை 2015-ல் வெளியிட்டவர்கள் சீனாவின் யுனான் வேளாண் பல்கலைக்கழகத்தினர். 2020-ல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆய்வாளர்கள், முருங்கையின் வெவ்வேறு பாகங்களில் செயல்படும் மரபணுக்களை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். எனவே, இந்தியாவில் அறிவியல் திறனுக்குக் குறைவில்லை. அந்தக் கருவிகளைச் சிவாலிக் அடிவாரத்து மரங்களையும், தென்னகக் கொல்லைகளின் மரங்களையும் நோக்கித் திருப்புவதே அடுத்த படி.

2019-ல் ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, குழாய் இணைப்புப் பெற்றிருந்த ஊரக வீடுகள் 3.23 கோடி மட்டுமே. பின்னர் அது 15 கோடியைத் தாண்டியது. திட்டக் காலமும் 2028 வரை நீட்டிக்கப்பட்டது. குழாய் வந்த பிறகு விதைப் பொடி எதற்கு என்று கேட்கலாம். வெள்ளத்தில் குழாய் உடைந்த ஊரிலும், படிகாரமும் குளோரினும் உரிய நேரத்தில் சென்று சேராத மலைக் கிராமத்திலும், அவசர காலத்தில் கைக்கு எட்டுவது கொல்லை மரம்தான். அதன் விதை இத்தனை லிட்டரைத் தெளிவிக்கும் என்று அந்த ஊர்ப் பெண்ணுக்கு உறுதியாகச் சொல்ல முடிந்தால், பழைய வழக்கம் நம்பகமான முறையாக மாறும். அதற்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பல மரங்கள் வேண்டும். அவை காட்டில் நிற்கும்போதே அந்த வேலை தொடங்கப்பட வேண்டும்.